வேக்குவம் குழாய்களைக் கழற்றுவதா, பழையபடி மாட்டுவதா? எஃப்ஜே60 லேண்ட் க்ரூஸரை வைத்து ஓர் அலசல்

டொயோட்டாவின் பழைய ஜீப் வகை வண்டியான எஃப்ஜே60 லேண்ட் க்ரூஸரின் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது வேக்குவம் குழாய்க் கூட்டம்தான். இன்ஜினின் உறிஞ்சும் விசையை வால்வுகளுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் இவை. அடியில் இருக்கும் 4.2 லிட்டர் 2எஃப் இன்ஜின் பெரிய சிக்கல் எதுவும் இல்லாத நேர்வரிசை ஆறு சிலிண்டர். 1981 முதல் 1987 வரை அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் புகை மாசைக் குறைக்க டொயோட்டா அதன்மேல் எரிந்த புகையோடு காற்றைக் கலக்கும் ஏர் பம்ப், அந்தப் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் சார்கோல் கேனிஸ்டர், சூட்டுக்குத் திறக்கும் பிவிஎஸ்வி என்ற வேக்குவம் வால்வு, மின்சாரத்தில் இயங்கும் விஎஸ்வி என்ற வால்வு, விஎஸ்விகளை இயக்க ஒரு எமிஷன் (மாசுக் கட்டுப்பாட்டு) கம்ப்யூட்டர் என்று அடுக்கிவிட்டது. நாற்பது வருஷம் கழித்து ரப்பர் காய்ந்துபோய், பல கைகள் மாறி, பாதிக் குழாய்களில் திருகாணி சொருகி அடைத்த நிலையில்தான் பெரும்பாலும் வண்டி நம் கைக்கு வருகிறது.

வாங்கியவர் முன்னால் மூன்று வழிகள். எல்லாவற்றையும் கழற்றிவிடும் ‘டீஸ்மாக்’ ஒன்று. தொல்லை தருவதை மட்டும் அடைத்துவிட்டு ஓட்டுவது இன்னொன்று. தொழிற்சாலையில் மாட்டியபடியே திரும்ப மாட்டுவது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் முதல் வழிக்காரர்களிடமும் நியாயம் இருக்கிறது.

இதே 2எஃப் வேறு பல நாடுகளில் இந்தச் சாமான்கள் இல்லாமலேயே ஓடியது. அதனால் டீஸ்மாக் செய்த இன்ஜின் நன்றாக ஓடாது என்று சொல்ல முடியாது. முறையாகச் செய்யவேண்டும், அவ்வளவுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரை அதற்கேற்ற ஒன்றாக மாற்றி, ஈஜிஆர் வழியைத் தகடு வைத்து மூடி, சிலிண்டர் ஹெட்டில் ஏர் பம்ப் காற்று நுழையும் துளைகளையும் அடைத்தால் இன்ஜின் அறை துப்புரவாகிவிடும். லீக் வந்தால் கண்டுபிடிப்பதும் சுலபம்.

தடை சட்டத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான பகுதிகளில் 1976 மாடல் முதல் வந்த பழைய பெட்ரோல் வண்டிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் டெஸ்ட் என்ற புகைச் சோதனைக்குப் போகவேண்டும். அங்கே புகையை அளப்பதோடு விடமாட்டார்கள். பானெட்டுக்குள் பார்த்து, இருக்கவேண்டிய பாகம் இருக்கிறதா, குழாய் போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா என்றும் சோதிப்பார்கள். புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஏர் பம்ப் இல்லாவிட்டால் ஃபெயில்தான். டெஸ்ட் இல்லாத மாநிலத்திலும் எமிஷன் பாகங்களைக் கழற்றுவதை அமெரிக்க மத்திய அரசின் க்ளீன் ஏர் சட்டம் தடை செய்கிறது.

இரண்டாவது வழியான அரைகுறை அடைப்பு மூன்றிலும் மோசமானது. பலரும் முதலில் கைவைப்பது ஈஜிஆர் மேல்தான். எரிந்த புகையில் கொஞ்சத்தை அது திரும்ப உள்ளே விட்டு, எரியும் வெப்பத்தைக் குறைக்கிறது. சுமார் 1,370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வேகமாக உருவாகும் என்பதால் அந்த ஏற்பாடு. ஈஜிஆர் வேலை செய்யும் என்ற கணக்கில்தான் இக்னிஷன் அட்வான்ஸும், அதாவது பொறி எவ்வளவு முன்னதாக விழவேண்டும் என்பதும், அமைந்திருக்கிறது. குழாயை அடைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டால், நெடுஞ்சாலையில் லேசான ஏற்றத்தில் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) கேட்கத் தொடங்கும். பிறகு அதைச் சரிக்கட்ட டைமிங்கைப் பின்னே தள்ளுவார்கள், இழுவை போய்விடும். அடைக்கப்பட்ட ஒரு குழாய்க்குப் பின்னால் இப்படி மூன்று கோளாறுகள் வரிசை கட்டும்.

இனி தொழிற்சாலை முறை. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் எமிஷன் லேபிளில் வேக்குவம் படம் இருக்கும். அந்த வண்டிக்கு அந்தப் படம்தான் சரி. கலிஃபோர்னியா வண்டியின் படமும் மற்ற மாநில வண்டியின் படமும் ஒன்றல்ல. வருஷத்துக்கு வருஷமும் மாறும். நண்பரின் வண்டியைப் பார்த்து மாட்டுவது குழப்பத்துக்குத்தான் வழி. லேபிள் கிழிந்திருந்தால், அந்த வருஷத்துக்கான டொயோட்டா எமிஷன் கையேட்டைத் தேடிப் பிடித்த பிறகே குழாயில் கைவைக்கவேண்டும்.

ஒரு குழாயைக் கழற்றினால் அதை மாற்றிய பிறகுதான் அடுத்தது. பிவிஎஸ்வியின் பிளாஸ்டிக் மூக்கு சூட்டில் வெந்து உதிரும் நிலையில் இருக்கும். குழாயைப் பிடித்து இழுத்தால் மூக்கும் கையோடு வந்துவிடும். பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி, தோலுரிப்பதுபோல் எடுக்கவேண்டும். வேக்குவத்தைத் தாமதமாகக் கடத்தும் விடிவி வால்வுக்கு எந்தப் பக்கம் எங்கே என்று கணக்கு உண்டு; திருப்பி மாட்டினால் குழாய் சரியாகப் போயிருந்தும் வேலை தப்பும்.

குழாய் மாட்டியதோடு வேலை முடியாது என்பதுதான் இந்த வழியின் உண்மையான சுமை. ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்கவேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கை வேக்குவம் பம்பை நேரே ஈஜிஆர் வால்வில் மாட்டி இழுங்கள். இன்ஜின் தடுமாற வேண்டும், அல்லது நிற்க வேண்டும். எதுவும் நடக்கவில்லையென்றால் வால்வுக்குள் இருக்கும் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது, அல்லது வழி கரியால் அடைந்திருக்கிறது. ஈஜிஆர் வால்வுக்குப் போகும் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் ஈஜிஆர் மாடுலேட்டரில் இரண்டு துளைகளை விரலால் மூடி மூன்றாவதில் ஊதினால் காற்று அதன் ஃபில்டர் வழியே தடையில்லாமல் வெளியேற வேண்டும். இன்ஜின் வேகத்தை ஏற்றிப் பிடித்து அதையே செய்தால் ஊத முடியாத அளவுக்குத் தடை தெரிய வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு நேரம் போகும், பணமும் போகும். சில பாகங்கள் புதிதாகக் கிடைப்பதில்லை. பழைய வண்டியிலிருந்து எடுத்ததைத்தான் தேட வேண்டியிருக்கும்.

குழாய் விஷயத்திலும் போட்டி உண்டு. கலர் கலரான சிலிகான் சூட்டைத் தாங்கும், வழியைப் பிரித்துக் காட்டும். ஆனால் பெட்ரோல் ஆவியைத் தாங்காது, கசியவும் விடும். சுவர் மெல்லிசாக இருந்தால் வேக்குவத்தில் சப்பிப்போகும். ஆகவே கேனிஸ்டர் பக்கமும், இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை உறிஞ்சும் பிசிவி பக்கமும் சிலிகான் கூடவே கூடாது. அங்கே பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் ஏற்ற ரப்பர்தான். வெறும் வேக்குவம் போகும் லைன்களில் தடித்த சிலிகான் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருந்தாலும் என் தேர்வு டொயோட்டாவின் கறுப்பு ரப்பர்தான். உள்விட்டம் சரியாகப் பொருந்தும்; வளைவுக்கென்றே வார்த்த குழாய்கள் இன்னும் கிடைக்கிற இடத்தில் அவை மடங்கி அடைக்காது.

டெஸ்ட் இல்லாத மாநிலத்தில், ஏற்கெனவே முழுசாகவும் முறையாகவும் டீஸ்மாக் செய்த வண்டி கிடைத்தால்? கழற்றிய பாகங்கள் கூடவே வருமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெட்டியோடு வந்தால் திரும்ப மாட்டும் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் அந்தப் பாகங்களின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேசவேண்டும்.