கேஸ் ஃபிரிட்ஜோடு குடித்தனம்

ரிப்பேர் முடிந்து ஃபிரிட்ஜ் மறுபடி குளிரத் தொடங்கிய நேரமாகப் பார்த்து நண்பர் கேட்டிருக்கிறார்: "பழைய மோட்டார் ஹோம் ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறது. உங்களிடம் இருக்கிற அதே மாதிரி கேஸ் ஃபிரிட்ஜ். முழுநேரமும் அதிலேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறோம். எடுக்கலாமா?"

எஞ்சின், டயர், கூரை ஒழுகல் எல்லாம் அவரே தட்டிப் பார்த்துக்கொள்வார். குறுகலான படுக்கை, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, கால் வாளித் தண்ணீரில் குளிப்பது, இவையெல்லாம் எந்த மோட்டார் ஹோமிலும் கொஞ்ச நாளில் பழகிவிடும். எங்களுக்கு இன்னும் பழகாதது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தியதும் மற்றவர்கள் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு உட்காருவார்கள். நாங்கள் ரசமட்டத்தை எடுப்போம். ஃபிரீஸர் தட்டில் அதை வைத்துவிட்டு, "வலது பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். நான் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி மெதுவாக ஏற்றுவேன். "இன்னும்... இன்னும்... ஐயோ, போதும்னு சொன்னேனே!" வண்டி கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. மழையில் இதைச் செய்யும்போது இரண்டு பேருமே நல்ல வார்த்தை பேசுவதில்லை.

தலைமாடு கொஞ்சம் இறங்கியிருந்தால் தலையணையைக் கால்பக்கம் மாற்றிப் போட்டுத் தூங்கிவிடலாம். ஃபிரிட்ஜுக்கு அந்தச் சமாதானம் ஆகாது. இதில் கம்ப்ரசர் கிடையாது. மூடிய குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன், அவ்வளவுதான். அடியில் எரியும் சின்னச் சுடர் அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து பிரித்து ஆவியாக மேலே அனுப்பும். அது பின்பக்கக் குழாயில் ஆறித் திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் இடத்துக்கு வந்ததும் மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரில் கரைந்து அடிப்பக்கம் வழிந்து வர வேண்டும். தகராறு இந்த வழிந்து வருவதில்தான். பிடித்துத் தள்ள மோட்டார் எதுவும் இல்லாததால் திரவம் தன் எடையில் தானே இறங்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது வழியிலேயே தேங்கிவிடும், கொதிக்கும் பகுதி வறண்டு அளவுக்கு மேல் சூடாகும், குழாய் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் கட்டியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தது அடைத்ததுதான். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை பரவாயில்லை என்று பல மாடல்களின் கையேட்டில் போட்டிருக்கும். ஒருநாள் சாய்வில் உயிர் போய்விடாது, ஆனால் ஒவ்வொரு சாய்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். வண்டி ஓடும்போது இந்தக் கவலை இல்லை, குலுக்கலில் திரவம் ஓரிடத்தில் தேங்காது.

பிளாட்டன், முன்டெர்ஸ் என்று ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் 1922-இல் உருவாக்கிய ஏற்பாடு இது. 1925-இலேயே எலக்ட்ரோலக்ஸ் இதைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கும் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். கட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கும்பிடு வராது.

மூன்று வழி ஃபிரிட்ஜ் என்று விற்கிறார்களே, அதில் ஒன்று கிட்டத்தட்ட பேச்சுக்குத்தான். கேஸில் ஓடும், வீட்டுக் கரன்ட்டில் ஓடும், இரண்டிலும் குறையில்லை. 12 வோல்ட்டில் ஓடுவது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் 10 ஆம்பியருக்கு மேல் விடாமல் இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயமில்லாமல் எடுக்கலாம் என்றால், நிறுத்திய நாலைந்து மணி நேரத்தில் கதை முடிந்தது. அதுவும் குளிரை ஏற்றாது, இருக்கிற குளிரைக் கலையாமல் வைத்திருக்கும், அவ்வளவே. கேஸிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், பெட்ரோல் போட நிறுத்துவதற்கு முன்பே சுடரை அணைக்க ஞாபகம் இருக்க வேண்டும்.

வெயில் காலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். வெளியே 35 டிகிரியைத் தாண்டினால் உள்ளே 5 டிகிரி என்பது கனவு. ஃபிரிட்ஜ் இருக்கிற சுவரில் மேற்கு வெயில் படுகிறதா என்று பார்த்துத்தான் வண்டியின் முகத்தையே திருப்புகிறோம். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்து, எதிரே நிற்கும் வண்டியின் கேஸ் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த சாயங்காலங்கள் உண்டு. பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் கம்ப்யூட்டருக்குப் போடுகிற சின்ன மின்விசிறி இரண்டைப் பொருத்திய பிறகு நிலைமை தேறியது. உள்ளே அலுமினியத் தகடுகளில் படியும் பனியைச் சோம்பல் படாமல் எடுப்பதும் உதவுகிறது, பனி தடித்தால் குளிர் வெளியே வராது. கதவை நாலு தடவை திறந்தால் அன்றைக்குப் பால் மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது. எதை எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டுதான் கதவில் கை வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம். விருந்தாளிகளுக்கு இது விசித்திரமாக இருக்கிறது, சொல்லவும் கூச்சம்.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராத்திரியில் இது சத்தமே போடாது. தலைமாட்டிலிருந்து கை நீட்டினால் ஃபிரிட்ஜ் கதவு தட்டுப்படும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. தெரிந்தவரின் வண்டியில் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். அது உறுமி எழுந்து அடங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு விழிப்பு வந்தது. இன்னொன்று, மேகமூட்டம். நாள்கணக்கில் வெயிலே இல்லாமல் சோலார் பேனல் சும்மா கிடக்கும்போது, கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பேட்டரி மீட்டரைப் பார்த்துப் பார்த்து விளக்கை அணைப்பார்கள். எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு முன்னூறு, நானூறு கிராம் கேஸைத் தின்றுவிட்டுப் பேசாமல் குளிர்ந்துகொண்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பலகைக்கும் அந்த மின்விசிறிகளுக்கும் கொஞ்சம் கரன்ட் போதும்.

இப்போது வந்த ரிப்பேரும் பெரிய செலவில்லை. பற்றவைப்பான் டிக் டிக் என்று அடிக்கும், சுடர் பிடிக்கும், மஞ்சளாக ஆடி அணைந்துவிடும். நீலமாக நின்று எரிய வேண்டியது. புகைக்குழாயின் உள்பக்கத் துரு உதிர்ந்து பர்னர் மேல் விழுந்து கிடந்தது. கேஸ் வரும் ஊசித்துளையிலும் அழுக்கு. மெக்கானிக் புகைக்குழாயைத் துடைத்து, பர்னரை ஊதிச் சுத்தம் செய்து மாட்டியதும் சுடர் நின்றது. ஆனால் அவர் வரும்வரை ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு சமாளித்த நாள்களை நான் மறக்கப் போவதில்லை. சரியான பிறகும் உடனே பொருளை அடுக்க முடியாது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் கை வைத்துப் பார்த்து, அப்புறம்தான்.

சரி, எடுக்கலாமா என்றால்: வண்டியை எடுங்கள், ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் போடுங்கள். கூடவே பேட்டரியும் பேனலும் பெரிதாக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். சத்தமில்லை, கேஸ் போதும், நூறு வருஷ மூளை என்று நான் மேலே எழுதியதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் சாயங்காலம் வந்து இறங்கும் களைப்பில் ரசமட்டத்தைத் தேடும் வாழ்க்கையை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. இது குளிர்கிற வாரம், அதனால் மரியாதையாகச் சொல்கிறேன். போன வாரம் கேட்டிருந்தால் வண்டியையே வேண்டாம் என்றிருப்பேன். என் வண்டியில் ஏன் மாற்றவில்லை என்று கேட்காதீர்கள், வீட்டிலும் அதே கேள்விதான்.

பார்க்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். முதல்நாள் சாயங்காலமே கேஸில் பற்றவைத்து விடச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுவிட்டு "இப்பத்தான் போட்டேன்" என்றால் நம்பாதீர்கள். வெளிப்பக்கக் காற்றுத் துவார மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயில் மஞ்சள் பொடியோ கறையோ இருந்தால், மூக்கில் அம்மோனியா சுள்ளென்று ஏறினால், அந்தக் குளிர்ப்பெட்டி போயே போய்விட்டது. அந்த மஞ்சள் கறையைக் கையால் தொடாதீர்கள், மேலே சொன்ன குரோமேட் அது, விஷம். ஃபிரிட்ஜை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, இறங்கிய விலையை இன்னும் இறக்கச் சொல்லுங்கள்.