ஒத்திக்கு வீடு பார்க்கிறவங்க முன்பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மதுரை வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துல ரெண்டு பெட்ரூம் வீடு. ஒத்தி ஏழு லட்சம், மூணு வருஷம், வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் முழுசாத் திரும்ப வரணும். ஆடி கழியட்டும்னு இருந்து ஆவணியில பால் காய்ச்சினோம். அடுத்த ஆனியில காலி பண்ணினோம். ஏழு லட்சத்துல இன்னிக்கு வரைக்கும் கைக்குத் திரும்பினது அறுபதாயிரம்.

அந்த இடத்துக்கு ஆசைப்பட்டதே நடைக்காகத்தான். அம்மாவால பஸ் படி ஏற முடியாது, சமதரையில நல்லா நடப்பாங்க. மீனாட்சி கோயிலோட வடக்குக் கோபுரம், நாங்க சொல்ற மொட்டைக் கோபுரம், நடந்து போற தூரம். அப்பாவுக்குச் சிம்மக்கல் லைப்ரரி. பையனுக்குச் சேதுபதி பள்ளி. "பாரதியாரே வாத்தியாரா இருந்த ஸ்கூல்ணே"ன்னு புரோக்கர் அதையும் சேர்த்து வித்தாரு. பாரதியார் அங்க இருந்தது 1904 ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான். அந்த வீட்டுல அவரைவிட நாங்க கொஞ்சம் கூடுதலாவே இருந்துட்டோம்.

வீட்டுக்காரர்கிட்ட பத்திரம் கேட்டேன், கேக்காம இல்ல. ஜெராக்ஸ் கொடுத்தாரு. "ஒரிஜினல் பேங்க்ல இருக்கு தம்பி, வீட்டுல வச்சா கரையான் அரிச்சுரும்." லாக்கர்ல இருக்குன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அந்த ஒரு விஷயத்துல அந்தாளு பொய் சொல்லல.

சித்திரைத் திருவிழா கொடியேத்தின வாரம். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா வாசக்கதவுல ஒரு நோட்டீஸ். பசை இன்னும் காயல, கதவுல வழிஞ்சு நிலைப்படி மஞ்சள்ல இறங்கியிருந்துச்சு. ஒட்டினவங்க போட்டோவும் எடுத்துட்டுப் போனாங்களாம். "எலெக்‌ஷன் நோட்டீஸாப்பா?"ன்னாங்க அம்மா. கடன் கட்டாததால கட்டடத்தைச் சுவாதீனம் எடுத்துக்கிட்டதா பேங்க் ஒட்டின நோட்டீஸ் அது. அந்தக் கட்டடத்துல இருந்த மூணு வீடும் சேர்த்து.

அதுல ஒரு தேதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 60 நாள்ல கடனைக் கட்டச் சொல்லி வீட்டுக்காரருக்கு முதல் நோட்டீஸ் போன தேதி. நான் ரெண்டாவது தவணையா நாலு லட்சம் கொடுத்ததுக்குப் பதினோரு நாள் முன்னாடி. நோட்டீஸை வாங்கி வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்ட பணத்தை எண்ணியிருக்காரு. வீட்டம்மா எங்களுக்குக் காபி வேற கொடுத்தாங்க.

வக்கீல் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். ஒத்தின்னா வாடகை சமாச்சாரம் இல்ல, அடமானம். நாமதான் கடன் கொடுக்கிறவங்க. நம்ம ஒத்திப் பத்திரம் சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவாகலைன்னா வீட்டு மேல நமக்குப் பிடி இல்ல. ஸ்டாம்ப் பேப்பர்ல நாலு பேரு கையெழுத்துப் போட்டது பணம் கைமாறினதுக்குச் சாட்சி, அம்புட்டுத்தான். பதிவே பண்ணியிருந்தாலும் முன்னாடி வந்த பேங்க் கடன் போக மிச்சம்தான் நமக்கு.

வில்லங்கம், அதாவது சொத்து மேல கடன், அடமானம் பதிவாகியிருக்கான்னு பார்த்தியான்னு கேக்குறீங்கள்ல? பார்க்கல. பதிவுத்துறை வெப்சைட்ல காசு கட்டாமலே பார்க்கலாம்னுகூட அப்ப தெரியாது. எல்லாம் முடிஞ்ச பிறகு, அதே ஜெராக்ஸ்ல இருந்த பத்திர நம்பரைப் போட்டேன். டீ ஆறுறதுக்குள்ள வந்துருச்சு. பத்திரத்தை பேங்க்ல வச்சுக் கடன் வாங்கினது, நாங்க குடிபோறதுக்கு மூணு வருஷம் முந்தியே பதிவாகிக் கிடக்கு. முன்பணம் கொடுக்குற அன்னிக்குப் பாருங்க, பத்திரம் எழுதுற அன்னிக்கு இன்னொரு தடவை பாருங்க. பணத்தை அக்கவுண்ட்லயே போடுங்க. நான் கையில கொடுத்த ரெண்டு லட்சத்தை "வாங்கவே இல்லையே"ங்குறாரு இப்ப.

சண்டை போட்டதுல நாலு லட்சத்துக்குச் செக் கொடுத்தாரு, திரும்பிருச்சு. செக் திரும்பின 30 நாளைக்குள்ள வக்கீல் நோட்டீஸ் அனுப்பணும், அது கிடைச்ச 15 நாள்ல கட்டலைன்னா கேஸ் போடலாம். போட்டாச்சு. வாய்தா ஓடுது. போலீஸ்லயும் புகார் இருக்கு.

அந்தச் சித்திரைத் திருவிழாவுல தேரை மட்டும் சந்து முக்குல நின்னு பார்த்தோம். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாங்க. என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு நான் கேக்கல.

இதை இன்னிக்கு எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. நேத்து அந்தப் பக்கம் போனேன். கீழ் வீட்டு ஜன்னல் கம்பியில ஒரு அட்டை தொங்குது: "ரெண்டு பெட்ரூம், ஒத்திக்கு." அதே புரோக்கர் நம்பர்.