ஆம்பை சர்வீசுக்குக் கொடுக்கும் முன் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் கோயில் பாடகர் குழுவிலும் கல்யாண ரிசப்ஷன் மேடையிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் எங்கள் ஆம்பை (ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டார்கள். கடையின் பெயரைப் போடவில்லை, நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆம்ப் என்னுடையது இல்லை, எங்கள் பாடகர் குழுவுடையது. இரண்டு வருட கேரல் வசூலைச் சேர்த்து வைத்து, 2012-ல் திருவனந்தபுரத்தில் போய் வாங்கினோம். 15 அங்குல ஸ்பீக்கர், 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு, இது குறையக் குறைய ஆம்பிலிருந்து கரண்ட் அதிகம் இழுக்கும்), பெட்டியும் ஆம்பும் ஒன்றாக இருக்கும் காம்போ. பதினோரு வருடம் அது எங்களைக் கைவிட்டதே இல்லை. எங்களுடையது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் வால்யூம் குமிழ்கள் கரகரக்கும், கேபிள் குத்தும் துளை பச்சை பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரில்கூட ஓடியது. பெரிய திருவிழா மேடை என்றால் ஆம்பின் பின்னால் வயர் குத்தி, வெளியே இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்துக்கொள்வோம்.

2023 ஆகஸ்டில் தாழ்ந்த ஈ கம்பியைத் தட்டும்போது மட்டும் ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று ஒரு உரசல் சத்தம் வந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். "காயில் உரசுது தம்பி, கோனும் காயிலும் மாத்திக் கட்டணும், ஒரு வாரத்துல எடுத்துக்கிடலாம்" என்றார். கோன் என்பது ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு, காயில் அதன் பின்னால் காந்தத்துக்குள் ஆடும் கம்பிச்சுருள். ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. 5,800 ரூபாய் வாங்கினார். அவர் தந்த துண்டுச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஆம்ப் 1, சரி பார்க்க". அதை நான் படித்துப் பார்க்காமல் பையில் போட்டதுதான் பின்னால் எங்களைக் கட்டிப்போட்டது.

வண்டியில் ஏற்றும்போதே பெட்டி லேசாக இருப்பது தெரிந்தது. எப்போதும் இரண்டு பேர் பிடிக்கிற பெட்டியை நான் ஒருவனாகத் தூக்கி வைத்தேன். நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர் என்றால் எடை குறைவாகத்தான் இருக்கும், ஆனால் எங்களுடையது கனமான ஃபெரைட் காந்தம். அந்த இடத்திலேயே இறக்கித் திறந்திருக்க வேண்டும். சத்தமும் மாறியிருந்தது. ஏ கம்பி வரைக்கும் பரவாயில்லை. ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதைத் தட்டினால் நெஞ்சில் வந்து உட்கார வேண்டிய சத்தம், அட்டைப்பெட்டியைத் தட்டியது போல பொத்தென்று விழுந்தது. போனில் கேட்டேன். "புதுக் கோன் தம்பி, இளகி வர ஒரு மாசம் ஆகும். மிக்ஸர்ல வயர் குத்துனா இரைச்சல் வருதுன்னு சொன்னீங்கல்லா, அதையும் நிறுத்திக் குடுத்திருக்கேன்" என்றார். இரைச்சல் நின்றிருந்தது உண்மைதான். நான் நன்றி வேறு சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பூசையில், வாசித்துக்கொண்டே இரண்டாம் குரல் பாட மைக்கிடம் குனிந்தேன். உதட்டில் சுருக்கென்று ஷாக். மைக்கில் ஈரம் இருக்கும் என்று துடைத்துவிட்டுப் பாடினோம்.

டிசம்பர் 24 இரவு நிகழ்ச்சிக்கு வெளிப்பெட்டியையும் சேர்த்தோம். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். கருகின வாடை வந்தது, ஆம்ப் நின்றது. மீதிப் பாட்டெல்லாம் பேஸ் இல்லாமலே போனது.

ஜனவரியில் திருவனந்தபுரத்தில் வேறொரு டெக்னீஷியன் எனக்கு முன்னாலேயே பின்பலகையைக் கழற்றினார். உள்ளே இருந்தது எங்கள் ஸ்பீக்கர் இல்லை. காந்தம் பாதி அளவுகூட இல்லை, ஓரத்தில் காற்று ஒழுகாமல் இருக்க ஒட்டியிருந்த பட்டையும் இல்லை. ஒரு வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தார், 3.3 காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஆறரை என்று காட்டும். மூன்றேகால் என்றால் அது 4 ஓம் ஸ்பீக்கர். எங்கள் ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று பின்னாலேயே அச்சடித்திருக்கிறது. இரண்டு பெட்டியைச் சேர்த்தால் ஓம் கூடாது, குறையும். இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் சரியாக 4. நாலும் எட்டும் சேர்ந்தால் 2.7-தான் வரும், கரண்ட் அதிகமாக இழுக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வெந்துபோனது அதனால்தான். வெளிப்பெட்டி இல்லாமல் வாசித்த நாட்களில் 4 ஓம் மட்டும்தான், அதை ஆம்ப் தாங்கும், அதனால் எதுவும் தெரியவில்லை.

ஸ்பீக்கர் போனதைவிட அடுத்து அவர் காட்டியதுதான் என்னைப் பதற வைத்தது. உள்ளே வருகிற பச்சை எர்த் வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். இரைச்சலை நிறுத்தின வித்தை அதுதான். பிளக்கில் மூன்று பின்னும் இருக்கும், ஆனால் ஆம்புக்கு எர்த் கிடையாது. கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தவை. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால், எர்த் உள்ள மைக்கில் வாய் பட்டதும் அது நம் உடம்பு வழியாகத்தான் போகும். அதே கிட்டாரை அந்த மூன்று மாதமும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. மைக்கில் உதடு சுருக்கென்றால் தயவுசெய்து துடைத்துவிட்டுப் பாடாதீர்கள். வாசிப்பதை நிறுத்தி எர்த்தைப் பாருங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்க கொண்டு வந்ததே இதுதான் தம்பி" என்றார். எர்த் வயரைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் ஸ்பீக்கரின் பெயரோ நம்பரோ இல்லாத துண்டுச் சீட்டை வைத்து என்னத்தைக் காட்ட? அதனால்தான் சொல்கிறேன், கொடுக்கும் முன் பின்பலகையைக் கழற்றி, காந்தத்தில் உள்ள லேபிளும் ஓமும் தெரிய போட்டோ எடுங்கள். அந்த நம்பரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கோனை மாற்றினால் பழைய கோனைக் கையில் கேளுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். பேஸ் அதிர்வில் ஸ்பீக்கர் திருகாணிகள் தளர்ந்துகொண்டே இருக்கும் என்று, ஒக்கி வருடம் எட்டுத் திருகாணியிலும் என் தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷை விட்டு இறுக்கினேன். இரும்பு பிரேமின் ஓரத்திலும் எட்டு இடத்தில் அது வழிந்து காய்ந்திருந்தது. 2023 செப்டம்பருக்குப் பிறகு நம் பக்கத்தில் யாராவது பழைய 15 அங்குல பேஸ் ஸ்பீக்கர் வாங்கியிருந்தால், துளைகளைச் சுற்றிச் சிவப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் வாங்கின உங்கள் மேல் தப்பில்லை. நீங்கள் கொடுத்த பணத்தைக் கொடுத்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.