அல்சூர் கடைகளில் சவுண்ட்பாக்ஸ்: வாடகைக்கு எடுக்கும் முன்

பெங்களூரு அல்சூரில் பூ முழம் போடுகிறவருக்கு இரண்டு கையும் ஈரம். பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க அவர் போனை எடுத்துத் துடைத்துத் திறப்பதற்குள் நாலு பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பணம் ஏறியதும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் பெட்டி தீர்த்து வைத்தது இந்தச் சிக்கலைத்தான். அந்த வகையில், கடைத்தெருவுக்கு வந்த புதுச் சாமான்களில் இதற்கு ஈடு இல்லை.

யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அந்த நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போனதும் கடைக்குக் கடை கியூஆர் அட்டை தொங்க ஆரம்பித்தது. அட்டை தொங்கியதே தவிர நம்பிக்கை வரவில்லை. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போனால் ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கு வணிகரிடம் எம்டிஆர் என்னும் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றானதும் பாதித் தயக்கம் போயிற்று. மீதியைப் போக்கியது இந்தப் பெட்டி. கல்லாவில் சில்லறை விழும் ஓசையைக் கேட்டே பழகிய காதுக்கு மறுபடி ஓர் ஓசை கிடைத்தது. போணிக்கு மட்டும் நோட்டுதான் வேண்டும், கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பவர்கள் இன்றும் உண்டு. அதில் தப்பேதும் இல்லை.

பெட்டிக்குள் ஒரு சிம், ஸ்பீக்கர், பேட்டரி. உங்கள் போன் அணைந்திருந்தாலும் இது பேசும், ஏனென்றால் தகவல் நேராக நிறுவனத்தின் சர்வரிலிருந்து இந்த சிம்முக்கு வருகிறது. அது பேசுவது உங்கள் கடைக்கென்று கொடுத்த கியூஆரில் விழும் பணத்துக்கு மட்டும். வாடிக்கையாளர் உங்கள் போன் நம்பருக்கு அனுப்பினால் பணம் வரும், பெட்டி வாய் திறக்காது. பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. "நம்பருக்கு வேண்டாம், ஸ்கேன் பண்ணுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்கேன் செய்தும் பெட்டி பேசவில்லை என்றால் அட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் கியூஆர் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டிப் போகிற திருட்டு உண்டு.

அடுத்த குறை சிக்னல். தகர ஷெட்டுக்கு அடியிலும் அடித்தளக் கடையிலும் பெட்டி கொஞ்ச நேரம் ஊமையாக இருந்துவிட்டு, நாலு தொகையை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும். எது யாருடையது என்று புரியாது. அந்த நேரத்தில் வங்கிச் செய்தியை நம்புங்கள், பெட்டியை அல்ல. எடுக்கும்போதே கடையின் மூலையில் வைத்து, 1 ரூபாய் அனுப்பி, எத்தனை விநாடியில் பேசுகிறது என்று பார்த்துவிடுங்கள். வாடகை மாதம் சுமார் 100 ரூபாய். அது கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். கடையை மூடினாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கலாம் என்பதால், திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

மொழியை மாற்றிக்கொள்ளலாம். தமிழர் கடையாக இருந்தாலும் இங்கே கன்னடம் வைப்பதே மேல். கேட்க வேண்டியவர் கடைக்காரர் மட்டுமல்ல, பணம் கொடுத்தவரும்தான். நூறு இரண்டு மொழியிலும் நூறுதான், காது சீக்கிரம் பழகிவிடும்.

இத்தனை பழகிய பிறகும் 2025 ஜூலையில் பெங்களூரு கடைகளில் கியூஆர் அட்டைகள் கழற்றப்பட்டன. யுபிஐ வரவை வைத்து மாநில வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதுதான் காரணம். "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று அட்டையில் எழுதி மாட்டினார்கள். முதல்வர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசிய பிறகே கொதிப்பு அடங்கியது. அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியவர்கள் யாரும் எவ்வளவு விற்றால் ஜிஎஸ்டியில் பதிய வேண்டும் என்ற வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், டிபன் கடை போன்ற சேவைக்கு 20 லட்சம். 20 லட்சத்தை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,480 ரூபாய்தான். நாலு தோசைக்கல் போட்ட கடை இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இதில் ரொக்க விற்பனையும் சேரும் என்பதால் அட்டையைக் கழற்றி மட்டும் பயனில்லை. தாண்டினால் கூட்டுத் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்) பதியலாம், அதில் டிபன் கடைக்கு வரி மொத்த விற்பனையில் 5 சதவீதம். காய்கறி போல வரிவிலக்குப் பொருள் மட்டுமே விற்பவர் பதிய வேண்டியதில்லை, ஆனால் கொள்முதல் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மச்சினன் திருப்பிக் கொடுத்த கடன், சீட்டுப் பணம், மகன் அனுப்பிய மாதச் செலவு எதையும் கடை கியூஆரில் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கும் பெட்டி அதே குரலில்தான் சொல்லும், கணக்கில் அதுவும் விற்பனை மாதிரியே தெரியும். கடைக்குத் தனியாக ஒரு கரண்ட் அக்கவுன்ட் திறந்து, பெட்டியை அதில் மட்டும் இணைக்கச் சொல்லுங்கள்.