மூன்று கிண்ணம், நான்கு பந்து: ஒரு மேஜிக் பெட்டியோடு இரண்டு மாதம்

புதிதாக மேஜிக் பழகுபவர்களுக்கான பெட்டி ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. மூன்று கிண்ணம், நான்கு சின்னப் பந்து, ஒரு சீட்டுக்கட்டு, விரலில் மாட்டிக்கொண்டு உள்ளே துணியை ஒளித்துவைக்கப் பிளாஸ்டிக்கில் ஒரு போலிக் கட்டைவிரல், ஒரு பட்டுத்துணி. சீட்டுக்கட்டு சுமார்தான், ஒரே வாரத்தில் ஓரம் பிய்ந்துவிட்டது.

கிண்ணங்களுக்காகவே இதை வாங்கலாம். கிண்ணத்துக்கு அடியில் பந்து மறைவதும் தோன்றுவதுமாகச் செப்படி வித்தை என்கிறோமே, அதில் வரும் செப்பு இதுதான். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியத் தத்துவ அறிஞர் செனிகா ஒரு கடிதத்தில் இதைச் சொல்லி, எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று எழுதியிருக்கிறார். எனக்கு நேர்மாறு, தெரிந்த பிறகுதான் இதை விட முடியவில்லை. பார்ப்பவருக்கு மூன்று பந்துதான் தெரியும். தெரியாத நான்காவது, அவர் கவனிக்கத் தொடங்கும் முன்பே ஒரு கிண்ணத்துக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும், அதாவது அவர் உஷாராகும்போது வேலை முடிந்திருக்கிறது.

வலது கையிலிருந்து இடது கைக்குப் பந்தை மாற்றுவதுபோல் காட்டிவிட்டு வலதிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி முன் பத்து நாள் பழகினேன், எனக்கே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. மகளிடம் காட்டினால் உடனே பிடித்துவிட்டாள்: "அப்பா, நீங்க அந்தக் கையையே பாக்குறீங்க." அப்புறம் வெறும் இடது கையை, பந்து அங்கேதான் இருக்கிறது என்று நானே நம்பிப் பார்த்தேன். அவள் கண்ணும் கூடவே வந்தது. பந்து கை மாறுவதை அவள் பார்க்கவே இல்லை, அதை அவள் மனசுதான் போட்டு நிரப்பிக்கொண்டது.

பெட்டியோடு வரும் கையேட்டில் எனக்குக் கோபம் இங்கேதான். விரலை எங்கே மடக்குவது என்று பக்கம் பக்கமாகப் படம், எங்கே பார்க்க வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிலர் ஒருவருக்கொருவர் பந்து எறியும் ஒரு வீடியோவைக் காட்டி, பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா உடையில் ஒருவர் நடந்து போனதைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. கண்ணைக் கட்ட வேண்டியதில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்தால் போதும். "போனை வைக்காதீங்க, வர்ற நம்பரைப் படிச்சுக்கிட்டே இருங்க" என்று அவசரப்படுத்துகிற மோசடிக்காரனும் அதே வேலையைத்தான் கொடுக்கிறான், கேட்கவே பயமாக இருக்கிறது.

போலிக் கட்டைவிரலின் நிறம் யார் தோலோடும் பொருந்தாது, அதற்காகத் தயங்க வேண்டாம். கை அசைந்துகொண்டே இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. சீட்டுக்கட்டு மட்டும் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள்.