நுவரெலியா ஈரத்தில் அமிகா 500: கொடெக் வாங்கலாமா?

நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ அலுமாரிக்குள் பல வருடம் கிடந்த பிளொப்பி ஒன்றை எடுத்து, அதன் தகர மூடியை விரலால் தள்ளி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புத் தட்டில் சாம்பல் நிறமாகப் பூத்திருப்பது பூஞ்சணம். அப்படியே டிரைவில் போட்டுச் சுழற்றினால் அது வாசிக்கும் தலையில் ஒட்டிக்கொள்ளும், தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டும், அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுக்கும். 1,868 மீற்றர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் பிளொப்பிக்கு ஆயுள் குறைவு. டிஸ்க்கின் நகலைப் பென் டிரைவில் வைத்து அதையே பழைய கணினிக்கு உண்மையான டிஸ்க்காகக் காட்டும் கருவிதான், இங்கே அமிகா 500 என்ற பழைய கொமடோர் வீட்டுக் கணினி வைத்திருப்பவர் முதலில் வாங்கவேண்டிய சாமான். அதில் மலிவானதும் கைக்கு எட்டுவதும் கொடெக்.

பார்வைக்கு இது சாதாரண மூன்றரை அங்குல டிரைவ் போலவே இருக்கும். பின்னால் 34 பின் ரிப்பன் இணைப்பும் சிறிய நான்கு பின் மின் இணைப்பும், முன்னால் யூஎஸ்பி துளையும் இரண்டு பொத்தானும். எம்பிராய்டரி இயந்திரங்களிலும் இசைக் கீபோர்டுகளிலும் பழைய டிரைவுக்குப் பதிலாகப் பூட்டுவதற்காக விற்கப்படுவது. ஆகவே கொம்பியூட்டர் கடையில் கிடைக்காவிட்டால் தையல் இயந்திர உதிரிப்பாகக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். லேபிளில் ‘எஸ்எஃப்ஆர்1எம்44-யூ100’ என்ற வகை இருக்கட்டும்.

பெட்டியில் வருகிறபடி இது அமிகாவுக்கு உதவாது. கூட வரும் மென்பொருளுக்குத் தெரிந்தது பீசியின் 1.44 எம்பி டிஸ்க் மட்டும். அமிகாவோ ஒரு தடத்தில் 11 செக்டர் (துண்டு) எழுதும்: 80 தடம், இரண்டு பக்கம், செக்டருக்கு 512 பைட், மொத்தம் 9,01,120 பைட். அமிகா டிஸ்க்கின் நகலான ஏடிஎஃப் கோப்பின் அளவு சரியாக இதுதான். இறக்கிய கோப்பு இதைவிடக் குறைந்தால் அது அரைகுறை. இந்த வடிவத்தைக் கொடெக்குக்குப் படிக்கக் கொடுப்பது கீர் ஃப்ரேசர் எழுதிய பிளாஷ்பிளொப்பி என்ற மென்பொருள். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. உண்மையில் நாம் மதிப்பிடுவது இந்த மென்பொருளைத்தான். பெட்டி அதைச் சுமக்கும் தகரம்.

ஏற்றும் முன் மூடியைக் கழற்றிச் சில்லின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். பழையவற்றில் எஸ்டிஎம்32எஃப்105, புதியவற்றில் ஏடி32எஃப்415 அல்லது 435 இருக்கும். அமிகாவுக்கு 415 தாராளமாகப் போதும். 435-க்கு அதிகப் பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. வேறு பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏடி32 சில்லுக்கு முறை இது. போர்டில் பூட்0 பின்னையும் 3.3 வோல்ட் பின்னையும் ஜம்பரால் (இரு பின்களை இணைக்கும் சிறு மூடி) இணையுங்கள். இரு முனையிலும் ஏ வகைத் தலையுள்ள யூஎஸ்பி வயரால் விண்டோஸ் கணினியில் செருகுங்கள். வேறு மின்சாரம் எதுவும் கொடுக்க வேண்டாம், யூஎஸ்பியிலிருந்து வருவதே போதும். ஆர்டரி நிறுவனத்தின் ஐஎஸ்பி புரோகிராமரில் முதலில் வாசிப்புப் பாதுகாப்பை நீக்கவேண்டும். நீக்கியதும் சில்லு முழுவதும் அழியும், பழைய மென்பொருளைத் திரும்பப் பெற வழியில்லை. இதில் இழப்பு ஒன்றுமில்லை. பிளாஷ்பிளொப்பியை ஏற்றி, ஜம்பரைக் கழற்றினால் முடிந்தது. பிறகு வரும் புதிய பதிப்புகளுக்கு இந்தப் பாடு கிடையாது: அந்தப் பதிப்பின் யுபிடி கோப்பைப் பென் டிரைவில் போட்டு, இரண்டு பொத்தானையும் அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் சரி.

அமிகாவுக்குள் பூட்டும்போதுதான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஜம்பர் எஸ்0-இல் இருக்கவேண்டும், அதுதான் டிஎஃப்0, அமிகாவின் முதல் டிரைவ். ஜேசி என்ற ஜம்பர் இடம் திறந்தே இருக்கட்டும். அதை மூடினால் கருவி பீசி டிரைவாக நடிக்கும்: பின் 34-இல் ரெடி சமிக்ஞைக்குப் பதிலாக டிஸ்க் மாற்றச் சமிக்ஞை போகும், அமிகா அதை எதிர்பார்க்கும் பின் 2 சும்மா கிடக்கும். விளைவு, டிஸ்க்கை மாற்றினாலும் அமிகாவுக்குத் தெரியாது. ரிப்பனின் ஒன்றாம் பின்னைக் கவனியுங்கள். பல கொடெக்குகளில் தலைகீழாகச் செருகுவதைத் தடுக்கும் பள்ளம் இல்லை. திறந்ததிலிருந்து விளக்கு அணையாமல் எரிந்தால் ரிப்பன் தலைகீழ். அதனால் எதுவும் எரிந்துவிடாது, திருப்பிப் போட்டால் போதும். மின் இணைப்பு அப்படியல்ல. கொடெக்குக்குத் தேவை 5 வோல்ட், அதாவது சிவப்பு வயர். மஞ்சளில் 12 வோல்ட் இருக்கிறது. இணைப்பைத் திருப்பிச் செருகினால் கருவி அந்த இடத்திலேயே சாகும்.

அமிகா 500-இன் பக்கத் துளை அசல் டிரைவின் அளவுக்கு வெட்டப்பட்டது. கொடெக்கின் யூஎஸ்பியும் பொத்தான்களும் அதற்குள் நேராக வராது. முப்பரிமாண அச்சில் செய்த தாங்கி ஒன்று வேண்டும். பெட்டியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் இனிக் கிடைக்காது, வெட்டாதீர்கள். பென் டிரைவ் நகக்கண் அளவில் இருக்கட்டும், நீட்டிக்கொண்டிருந்தால் கை பட்டுத் துளை ஆடும். பெட்டி திறந்திருக்கும் போதே, அடிப்பக்கக் குழியில் ஏ501 நினைவக அட்டை இருந்தால் அதிலுள்ள 3.6 வோல்ட் பெட்டரியைப் பாருங்கள். பச்சையாகக் கசிந்திருந்தால் உடனே வெட்டி எடுங்கள். இந்த ஈரத்தில் அது செம்புத் தடங்களைத் தின்றுவிடும்.

மூன்று இலக்க எண் மட்டும் காட்டும் கொடெக்கை வாங்கவே வேண்டாம். எந்த எண்ணில் எந்த டிஸ்க் என்று கொப்பியில் எழுதிவைக்க வேண்டிவரும். 0.91 அங்குல ஓலெட் திரையும் திருகு குமிழும் ஏற்கெனவே பூட்டியதை வாங்குங்கள். நீங்களே பூட்டினால் திரையின் விசிசி (மின்சாரம்), ஜிஎன்டி (தரை) பின்களின் வரிசையைச் சரிபாருங்கள், திரைக்குத் திரை மாறிவரும். குமிழ் இரண்டு தட்டுக்கு ஒரு பெயர் நகர்ந்தாலோ தாவினாலோ ‘ரொட்டரி’ அமைப்பை ‘ஃபுல்’ இலிருந்து ‘ஹாஃப்’ ஆக்கிப் பாருங்கள்.

அமைப்புகள் எல்லாம் பென் டிரைவிலுள்ள எஃப்எஃப்.சிஎஃப்ஜி என்ற எழுத்துக் கோப்பில். பென் டிரைவ் ஃபாட்32 ஆக இருக்கட்டும், என்டிஎஃப்எஸ் செல்லாது. ‘இன்டர்ஃபேஸ்’ என்பதற்கு ‘ஷுகார்ட்’ என்று எழுதினால் ஜேசி ஜம்பர் குழப்பமே இல்லை. ‘நேவ்-மோட்’ என்பதற்கு ‘நேட்டிவ்’ கொடுத்தால் கோப்புறைகளும் பெயர்களும் அப்படியே திரையில் வரும். நீண்ட பட்டியலில் தேடிக்கொண்டிருக்கும்போது தானாகவே ஒரு கோப்பு ஏறிவிடுகிறதா? ‘ஓட்டோசெலக்ட்-ஃபைல்-செக்ஸ்’ மதிப்பை 0 ஆக்குங்கள். இரண்டு மூன்று டிஸ்க் உள்ள விளையாட்டுகளைத் தனித்தனிக் கோப்புறையில் வைப்பது நல்லது, டிஸ்க்கை மாற்றச் சொல்லும்போது குமிழை ஒரு தட்டுத் திருப்பினால் முடியும்.

நகல் பாதுகாப்புள்ள அசல் விளையாட்டுகளை ஏடிஎஃப் தாங்காது. அந்தப் பாதுகாப்போடு சேர்த்து நகலெடுத்த ஐபிஎஃப் கோப்பையும் பிளாஷ்பிளொப்பி நேரடியாக வாசிக்காது. எச்எக்ஸ்சி மென்பொருளில் எச்எஃப்இ என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றவேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 எம்பி வரும், இன்றைய பென் டிரைவுக்கு அது ஒன்றுமில்லை. இந்த மாற்றும் வேலை ஒன்றுதான் கருவியின் மீது வைக்கத் தகுந்த குறை.

சொந்த டிஸ்க்குகளை நகலெடுக்கக் கொடெக் போதாது. அதற்கு அதே ஃப்ரேசரின் கிரீஸ்வீசல் அட்டையும் பழைய பீசி பிளொப்பி டிரைவ் ஒன்றும் வேண்டும். தடத்துக்குத் தடம் 11-இல் எத்தனை செக்டர் கிடைத்தது என்று காட்டிக்கொண்டே வாசிக்கும். 11-க்குக் குறைந்தால் நிறுத்தி, தலையை ஐசோபுரோபைல் மதுசாரத்தால் துடைத்து மீண்டும் ஓட்டுங்கள். பூஞ்சணம் கண்ட டிஸ்க்கைத் துடைக்காமல் ஒருமுறைகூடச் சுழற்றக் கூடாது. நுவரெலியாவில் இந்த வேலைக்கு மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் ஏற்ற காலம். முடிந்த டிஸ்க்குகளைச் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள்.

அமிகாவில் எழுதுவதெல்லாம் ஏடிஎஃப் கோப்புக்குள்ளேயே பதிகிறது. விளையாட்டுச் சேமிப்பும் கடிதமும் பென் டிரைவில் இருக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் எழுதும் நடுவில் கரண்ட் போனால் அந்த ஏடிஎஃப் கோப்பு மட்டுமன்றிப் பென் டிரைவின் கோப்பு அட்டவணையே குழம்பலாம். சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்து, மாதம் ஒருமுறை பென் டிரைவை முழுதாகக் கணினியில் நகலெடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றி வையுங்கள்.