ஹாம் ரேடியோவுக்குப் பவர் சப்ளை: டிரான்ஸ்ஃபார்மரா, எஸ்.எம்.பி.எஸ்ஸா?

ஹாம் என்கிற அமெச்சூர் வானொலிக்காரர்களின் 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) ரேடியோவுக்கு 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் வேண்டும். பெரிய இரும்புக் கோர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சப்ளையும், மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் அதைத் தரும். எடையிலும் மின்சிக்கனத்திலும் எஸ்.எம்.பி.எஸ்.தான் முந்தும், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பத்துக் கிலோ கனக்கிற டிரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்கு மாறிவிட்டேன். காரணம் எர்த்.

வாடகை வீட்டில் எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்தேன். ஒரு நாள் ஆன்டெனா கேபிளை ரேடியோவில் திருகப்போனபோது இரண்டு கையிலும் சுருக்கென்றது. ரேடியோவின் உடம்புக்கும் கேபிளின் வெளிவலைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 108 வோல்ட். பிளக்பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன்; எர்த் பின்னில் வயரே இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, மெயின்ஸ் நேராக வெளியே வராது. ஆனால் இரைச்சலை வடிக்க, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகப் பெட்டிக்கு ஒய் கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியில் மிதக்கும். என்னுடையதில் பெட்டியும் மைனஸும் ஒன்று, மைனஸும் ரேடியோ உடம்பும் ஒன்று. கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் 4.7 நானோஃபாரட் என்றால் கையில் பாய்வது அரை மில்லி ஆம்பியருக்குள்தான். அதற்கு நான் பயப்படவில்லை. அசல் ஒய் கெப்பாசிட்டர், பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்படுவது. மலிவு சப்ளையில் அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டர் இருந்து, பேஸ் பக்கத்தில் ஷார்ட் ஆனால்? எர்த் இல்லாத வீட்டில் முழு பேஸும் ரேடியோ மேல் நிற்கும்.

என் டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் அந்தக் கெப்பாசிட்டர்களே இல்லை. அதே பிளக்பாயின்ட்டில் இதை மாட்டி ரேடியோ உடம்பில் வைத்தபோது டெஸ்டர் மங்கலாக எரிந்தது, கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிளக்கை உருவிவிட்டு, வைண்டிங்குக்கும் கோருக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷனை நானே பார்த்துக்கொள்ள முடிகிறது. (வீட்டு ஸ்டெபிலைசரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் அது ஒரே வைண்டிங் உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், மெயின்ஸைப் பிரிக்காது.)

இதிலும் ஆபத்து உண்டு. வோல்ட்டை 13.8-க்குக் குறைத்து நிறுத்தும் பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 20 வோல்ட்டுக்கு மேல் ரேடியோவுக்குள் போகும். க்ரோபார் (வோல்ட் எகிறினால் அவுட்புட்டை ஷார்ட் செய்து ஃப்யூஸைப் போக்கும் காவல் சர்க்யூட்) இல்லாத சப்ளையை வாங்காதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எம்.பி.எஸ். இரைச்சல் எனக்குத் தொல்லையாக இருந்தது, ஆனால் நான் ஓட்டியது அந்த ஒன்றைத்தான். நல்லவை அமைதியாக இருக்கலாம்.

அப்புறம் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இழுத்தாயிற்று. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டிப் பார்த்தேன், அதே இடத்தில் ஒரு வோல்ட்கூடக் காட்டவில்லை. இருந்தாலும் ஆன்டெனாவைத் தொடும் முன் பிளக்கை உருவிவிடுகிறேன்.